அம்மையின் ஸ்கேன் அறிக்கையில் வந்த மூன்று வரிகள்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய அம்மைக்கு 58 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மாதமாகப் படுக்கையில் புரளும்போதும், அடுக்களையில் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போதும் தலைகிறக்கம் வந்து சில நொடிகளில் அடங்குகிறது. மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ரத்தக்குழாய்களுக்கு எம்.ஆர். ஆஞ்சியோகிராமும் எடுத்திருக்கிறார்கள். அறிக்கையில் மூன்று வரிகள் அவரைக் கலங்கடித்துவிட்டன: வலது வெர்டிப்ரல் தமனி ஹைப்போபிளாஸ்டிக்; வலது முன் பெருமூளைத் தமனியின் ஏ-1 பகுதி ஹைப்போபிளாஸ்டிக்; இடது பின் பெருமூளைத் தமனி ஃபீட்டல் வகை. அடைப்போ, அனூரிசமோ (தமனிச் சுவர் பலூன்போல் உப்புவது), பழைய பக்கவாதத்தின் தடயமோ இல்லை என்றும் அதே அறிக்கை கீழே சொல்கிறது. ஆனால் உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மூளைக்குப் போற நரம்பு சரியா வளரல்ல" என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. இது பிறவிக் குறையா, பக்கவாதம் வருமா, இப்போதே ஆஸ்பிரின் தொடங்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இந்த மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நீண்ட காலமாக உடற்கூறியல் கற்பித்து வருகிறேன். மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை. உங்கள் அம்மையை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் அந்த மூன்று வரிகளின் பொருள் என்ன என்பதை விளக்குவது முழுக்க என் துறையைச் சேர்ந்தது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நம் பக்கத்தில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். அறிக்கை பேசுவது ரத்தக்குழாய்களைப் பற்றி; அதிலும் இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் தமனிகளைப் பற்றி. நரம்பு வளரவில்லை என்றால் மூளையிலேயே ஏதோ குறை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உங்கள் அம்மையின் மூளையில் பழைய பக்கவாதத்தின் தடயம்கூட இல்லை என்று அந்த அறிக்கையே சொல்லியிருக்கிறது.

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம்வரை அதற்கே போகிறது; நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி லிட்டர். இந்த ரத்தத்தைக் கொண்டுவருபவை நான்கு குழாய்கள். கழுத்தின் முன்பக்கம் இரு புறமும் உள் கரோடிட் தமனிகள் இரண்டு. பின்பக்கம், கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலேறும் வெர்டிப்ரல் தமனிகள் இரண்டு. வெர்டிப்ரல் இரண்டும் மண்டையோட்டுக்குள் நுழைந்த பின் ஒன்றாகிப் பேசிலார் தமனி என்ற ஒற்றைக் குழாயாகி, மறுபடியும் இரண்டாகப் பிரிந்து பின் பெருமூளைத் தமனிகளாகின்றன. கரோடிட் ஒவ்வொன்றும் முன் பெருமூளைத் தமனியாகவும் நடுப் பெருமூளைத் தமனியாகவும் பிரிகிறது. மூளையின் அடிப்பகுதியில் இவை தனித்தனியாக நின்றுவிடுவதில்லை. இரு முன் தமனிகளையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. ஒவ்வொரு புறமும் கரோடிட்டையும் பின் தமனியையும் இன்னொரு குழாய் இணைக்கிறது. இப்படி உருவாகும் வட்டத்துக்கு வில்லிஸ் வளையம் என்று பெயர்.

நம் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லப் பேச்சிப்பாறையையும் பெருஞ்சாணியையும் விடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. இரண்டு அணைகளின் தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்துசேர்ந்து, அங்கிருந்துதான் சானல்களாகப் பிரிந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் கடைவரம்புவரை போகிறது. ஓர் அணையில் நீர் குறைந்தால் மற்றதிலிருந்து கூடுதலாகத் திறக்கிறார்கள். கடைவரம்பில் இருக்கும் வயலுக்கு எந்த அணைத் தண்ணீர் வந்தது என்பது தெரிவதில்லை, தெரியவும் தேவையில்லை. வில்லிஸ் வளையமும் அப்படியொரு கூடுமிடம்தான். சாதாரண நாளில் அந்த இணைப்புக் குழாய்களில் பெரிய ஓட்டம் இருப்பதில்லை. ஒரு பக்கம் அழுத்தம் குறையும் நாளில்தான் மறுபக்கத்து ரத்தம் அவற்றின் வழியே பாய்கிறது.

இந்த வளையத்துக்குப் பெயர் தந்த தாமஸ் வில்லிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மருத்துவர். மூளையின் உடற்கூறு பற்றிய அவருடைய நூல் 1664இல் வெளிவந்தது. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் அதற்குப் படங்கள் வரைந்துகொடுத்தார். அந்தத் தமனிகளை முதலில் பார்த்தவர் வில்லிஸ் இல்லை. அவருக்கு முன்பே வேறு சிலர் விவரித்திருக்கிறார்கள். வளையம் எதற்காக இருக்கிறது என்று கேட்டு விடை சொன்னதுதான் அவருடைய தனிப் பெருமை. வயிற்று நோயால் இறந்த ஒருவரை அவர் அறுத்துப் பார்த்தபோது வலது கரோடிட் கல்லைப் போல இறுகி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. அந்த மனிதருக்கோ உயிரோடிருந்தபோது பக்கவாதம் வந்ததே இல்லை. காரணம் தேடிய வில்லிஸ், அதே பக்கத்து வெர்டிப்ரல் தமனி மற்ற பக்கத்தைவிட மூன்று மடங்கு பெருத்திருப்பதைக் கண்டார். உங்கள் அம்மையின் அறிக்கையைப் புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைப் பாடம் 360 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒரே உடலில் இருக்கிறது: மூளைத் தமனிகளின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒன்று சிறியதானால் வேறொன்று பெரியதாகி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது.

பாடநூல் படத்தில் இருப்பதுபோல எல்லாக் கிளைகளும் முழு அளவில், இரு பக்கமும் சமமாக அமைந்த வளையம் மனிதர்களில் பாதிப் பேருக்குக்கூட இல்லை என்பதே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவது. இதை நான் ஆய்வுக் கட்டுரைகளில் படித்து மட்டும் சொல்லவில்லை. மண்டையோட்டிலிருந்து எடுத்த மூளையைத் தலைகீழாக வெள்ளைத் தட்டில் வைத்து, அடிப்பகுதியைப் போர்த்தியிருக்கும் ஈரமான சிலந்திவலை போன்ற சவ்வைச் சாமணத்தால் நுனி பிடித்து மெல்ல மெல்ல உரிக்கும்போது தமனிகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். ஃபார்மலினில் ஊறிய அவை வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருக்கும். பேசிலார் தமனி ஒரு பேனா ரீஃபிலின் பருமனில், பெரும்பாலும் சற்று வளைந்து கிடக்கும். ஒரு பக்கத்து இணைப்புக் குழாய் நூடுல்ஸ் பருமனில் இருக்க, மறு பக்கத்தது தையல் நூலைவிட மெல்லியதாகச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவசரப்படும் மாணவர்கள் அதைச் சவ்வின் இழை என்று நினைத்துப் பிய்த்து எறிந்துவிட்டு, "மேடம், இந்தப் பக்கம் இல்லை" என்பார்கள். இருந்தது, நாம்தான் எடுத்துவிட்டோம் என்று சொல்லிக் குப்பைத் தட்டில் தேட வைப்பேன்.

இதில் எனக்கு ஒரு பழைய காயமும் உண்டு. நான் மாணவியாக இருந்த கல்லூரியில், செய்முறைத் தேர்வில் எனக்குக் கிடைத்த மூளையில் வலது ஏ-1 பகுதி இடதில் கால்வாசிதான் இருந்தது. கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தேன். தேர்வாளர் அதன்மேல் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இழுத்து, சமச்சீராக வரையத் தெரியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். தட்டில் இருந்த மூளையை அவர் குனிந்தே பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிச் சாடிக்குள் சிவப்பு வண்ணம் பூசி வைத்திருக்கும் வளையம் அழகாகச் சமச்சீராக இருப்பதற்குக் காரணம், பல மூளைகளைப் பார்த்து அப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்ததுதான். அந்தச் சாடியைப் பார்த்து வளர்ந்த மருத்துவர் எழுதும் அறிக்கையில் "ஹைப்போபிளாஸ்டிக்" என்ற சொல் வரும்போது, படிப்பவருக்கு அது குறையாகத் தெரிகிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் "வழக்கமான அளவைவிடச் சிறியதாக வளர்ந்தது" என்பதுதான். நோய்வாய்ப்பட்டுச் சுருங்கியது என்ற பொருள் அதில் இல்லை.

இனி அந்த மூன்று வரிகளையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

வெர்டிப்ரல் தமனிகள் இரண்டும் சம அளவில் இருப்பவர் சுமார் நால்வரில் ஒருவர்தான். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இடது பெரியது. மீதிப் பேருக்கு வலது பெரியது. இரண்டும் கடைசியில் ஒரே பேசிலாரில் சேர்ந்துவிடுவதால் இடப்பக்கம் கூடுதலாகவும் வலப்பக்கம் குறைவாகவும் வந்தாலும் மொத்தத்தில் குறைவதில்லை. பொதுவாக 2 மில்லி மீட்டருக்குக் குறைவான விட்டம் இருந்தால் ஹைப்போபிளாஸ்டிக் என்று எழுதுகிறார்கள். வலது சிறுத்திருப்பதே அதிகம் காணப்படுவது. உங்கள் அம்மைக்கும் அப்படித்தான். சிலருக்குச் சிறிய வெர்டிப்ரல் பேசிலாரோடு சேராமலே, சிறுமூளையின் கீழ்ப்பகுதிக்குப் போகும் கிளையாகவே முடிந்துவிடும். ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு இடது வெர்டிப்ரல், கைக்குப் போகும் தமனியிலிருந்து கிளம்பாமல் நேராக மகாதமனியின் வளைவிலிருந்தே கிளம்புகிறது. கழுத்தெலும்புகளில் வழக்கமாக ஆறாவதன் துளையில் நுழைய வேண்டியது சிலரிடம் ஐந்தாவதிலோ நான்காவதிலோ நுழைகிறது. கழுத்தில் அறுவை செய்பவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால் கத்திமுனையில் தமனி எதிர்ப்படும். எங்கள் எலும்புப் பெட்டியில் முதல் கழுத்தெலும்புகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாணவர்கள், சிலவற்றில் வெர்டிப்ரல் தமனி கிடந்த பள்ளத்தின் மேல் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று வளைந்திருப்பதைக் கண்டு உடைந்துவிட்டதோ என்று கேட்பார்கள். விரல் நுனியால் தடவினால் வழவழப்பாக இருக்கும். அதுவும் இயல்பான வேறுபாடுதான்.

பிறவியிலேயே சிறிய தமனியையும் நோயால் குறுகிய தமனியையும் எப்படிப் பிரித்தறிவது என்பது நியாயமான கேள்வி. பிறவியில் சிறியது தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராக மெலிந்திருக்கும். அது புகுந்து வரும் எலும்புத் துளையும் சிறியதாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவை. நோயால் குறுகியதில் ஓரிடம் இறுகி, அதன் முன்னும் பின்னும் பருமன் மாறியிருக்கும். அல்லது சுவரில் கிழிசலும் ரத்தத் தேக்கமும் தெரியும். எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மருந்து ஊசி போடாமல் எடுக்கும் வகையில், பாய்ந்து வரும் புது ரத்தம்தான் வெள்ளையாகப் பதிகிறது. ஓட்டம் மெதுவாக இருந்தால், அல்லது குழாய் மிக மெல்லியதாக இருந்தால், உண்மையில் இருக்கும் தமனியும் படத்தில் விடுபட்டுப்போகும். ஆகவே அறிக்கையில் "தெரியவில்லை" என்று இருப்பதை "இல்லை" என்று படிக்கக் கூடாது.

இரண்டாவது வரியில் உள்ள ஏ-1 என்பது, கரோடிட் பிரியும் இடத்திலிருந்து இரு முன் தமனிகளின் இணைப்புவரை உள்ள ஒன்றரை சென்டிமீட்டர் நீளத் துண்டு. பத்துப் பேரில் ஒருவருக்காவது அது ஒரு பக்கம் மெலிந்திருக்கும். முற்றிலும் இல்லாமலிருப்பது நூற்றில் ஒன்றிரண்டு பேரிடம் மட்டுமே. அப்படி மெலிந்திருக்கும்போது இணைப்புக் குழாய் அகன்று, மறுபக்கத்து கரோடிட்டே இரு முன் தமனிகளையும் நிரப்புகிறது. நெற்றிப் பகுதியின் உட்புறமும், கால்களை அசைக்கும் மூளைப் பகுதியும் அந்தத் தமனிகளின் பாசனத்தில் இருக்கின்றன. இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும் வேகமான ஓட்டம் இணைப்பின் சுவரில் திரும்பத் திரும்ப மோதுவதால், சமமற்ற ஏ-1 உள்ளவர்களிடம் அந்த இடத்தில் அனூரிசம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அதிகம் என்றால் எல்லோருக்கும் வரும் என்று பொருளில்லை. உங்கள் அம்மையின் படத்தைப் படித்த கதிரியக்க மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்து, அனூரிசம் இல்லை என்று எழுதியிருக்கிறார். உறவினர் படிக்காமல் விட்ட அந்த வரிதான் முழு அறிக்கையிலும் உங்களுக்கு மிகவும் வேண்டிய வரி.

மூன்றாவது வரியில்தான் எனக்கு எப்போதும் ஈடுபாடு அதிகம். "ஃபீட்டல்" என்ற சொல்லைக் கேட்டதும் வளர்ச்சி நின்றுபோனது என்று தோன்றுவது இயல்பு. கருவில் நாலு, ஐந்து வாரத்தில் மூளை ஒரு கடுகளவு இருக்கும்போது வெர்டிப்ரல், பேசிலார் ஆகியவை இன்னும் உருப்பெறவில்லை. அந்த நாட்களில் பின்மூளைக்கும் ரத்தம் கரோடிட்டிலிருந்தே, சில தற்காலிக இணைப்புகள் வழியாகப் போகிறது. பிறகு இரு இணைகோடுகளாக ஓடும் நுண்குழாய்கள் நடுவில் ஒன்றுசேர்ந்து பேசிலாராகின்றன. கீழிருந்து வெர்டிப்ரல்கள் வந்து அதில் சேர்கின்றன. தற்காலிக இணைப்புகள் சில நாட்களிலேயே மறைகின்றன. பின் பெருமூளைத் தமனி முதலில் கரோடிட்டின் பிள்ளையாகவே பிறக்கிறது. பேசிலார் வலுப்பெற்ற பிறகுதான் பெரும்பாலோரிடம் அது பேசிலாரின் பக்கம் போகிறது. இந்த வரலாற்றை ஒவ்வொரு கட்டமாக வரைந்து காட்டியவர் டார்கஸ் பேஜெட் என்ற அமெரிக்கப் பெண்மணி. நரம்பு அறுவை மருத்துவர் வால்டர் டேண்டிக்குப் படம் வரைந்துகொடுக்கும் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தவர், மனிதக் கருக்களின் மெல்லிய சீவல்களைப் படித்து, 1948இல் மூளைத் தமனிகளின் வளர்ச்சி பற்றி வெளியிட்ட கட்டுரை இன்றும் எங்கள் துறைக்கு அடித்தளம். கண்டதைக் கண்டபடி வரைந்த ஒருவர் அவர் என்பதால், என் சிவப்புக் குறுக்குக்கோட்டை நினைக்கும்போதெல்லாம் அவரையும் நினைத்துக்கொள்வேன்.

ஆக, உங்கள் அம்மையின் இடது பின் தமனி தன் பழைய தாய்க் குழாயை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், நூற்றில் 10 முதல் 30 பேருக்கு இந்த அமைப்பு ஒரு பக்கத்திலாவது இருக்கிறது. உங்கள் தெருவில் பல வீடுகளில் யாராவது ஒருவரிடம் இது இருக்கலாம். ஸ்கேன் எடுக்காததால் அவர்களுக்குத் தெரியாது. கருவின் தற்காலிக இணைப்புகளில் ஒன்று மறையாமல் பெரியவர்களிடமும் நின்றுவிடுவது இதைவிட மிக அரிது. அவற்றில் அதிகம் காணப்படும் ட்ரைஜெமினல் தமனிகூட ஆயிரத்தில் ஒருவரிலிருந்து ஆறு பேருக்குத்தான் இருக்கும்.

மூன்று வரிகளையும் அடுத்தடுத்துப் படித்தால் மூன்று குறைகள்போலத் தோன்றும். சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது, அதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் அம்மையின் இடது கரோடிட், தன் வழக்கமான பங்காகிய இடது நடுத் தமனியோடு, இரு பக்கத்து முன் தமனிகளையும், இடது பின் தமனியையும் சுமக்கிறது. வலது கரோடிட்டின் தலையாய வேலை வலது நடுத் தமனி மட்டுமே. பின்பக்கத்தில் இடது வெர்டிப்ரல் பெரும்பங்கு எடுத்துக்கொள்கிறது. அதாவது அவருடைய மூளையின் நீர்வரத்து பெருமளவு இடப்பக்கத்துச் சானல்களை நம்பியிருக்கிறது. இன்று அந்தச் சானல்களில் அடைப்பில்லை, தண்ணீர் தாராளமாகப் போகிறது, வயலில் எங்கும் வறட்சியில்லை. ஆகவே இன்றைக்கு அவருக்கு நோயில்லை. ஆனால் நாளை யாராவது அவருக்கு மருத்துவம் பார்க்கும்போது இந்த வரைபடம் கையில் இருந்தாக வேண்டும்.

ஏன் என்பதற்குச் சில காட்சிகளைச் சொல்கிறேன். பொதுவாகப் பின் தமனியின் பகுதியில் பக்கவாதம் வந்தால் மருத்துவர் வெர்டிப்ரல், பேசிலார், இதயம் ஆகியவற்றில் காரணம் தேடுவார். ஃபீட்டல் வகை இருப்பவரிடம் கழுத்துக் கரோடிட்டில் படிந்த கொழுப்பிலிருந்து கிளம்பிய சிறு ரத்தக்கட்டி நேராகப் பெருமூளையின் பின்பகுதிக்கே போய்விடக்கூடும். உங்கள் அம்மைக்கு அப்படி நேர்ந்தால் இரு கண்களிலும் வலப்பக்கத்துக் காட்சி மறையும். வலப்பக்கம் வரும் வண்டி தெரியாது, தட்டில் வலப்பக்கம் வைத்த கறியைத் தொடாமல் எழுந்துவிடுவார். கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அதேபோல் இடது கரோடிட் அடைபட்டால் இரு கால்களுமே தளரக்கூடும். ஒரு பக்கத்துக் கைகால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று நம்பியிருக்கும் வீட்டார் அதை முதுகுத்தண்டின் கோளாறு என்று எண்ணிவிடலாம். இன்னொரு புறம், வலது ஏ-1 மெலிந்தவர்களிடம் வலது கரோடிட் முழுவதுமே இடதைவிடச் சற்று ஒடுங்கியிருக்கும், ஏனென்றால் அதற்குச் சுமை குறைவு. முன்விவரம் தெரியாமல் பார்ப்பவர் அதையே அடைப்பு என்று எழுதிவிட்டால் தேவையற்ற சிகிச்சை தொடங்கிவிடும்.

இதே காரணத்தால் ஒரு செய்தியை உங்களுக்கு நேரடியாகத் தொடர்பில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். பிரெஞ்சு மருத்துவர் ஜெரார் பெர்ஷரோன் 1970களில் விவரித்த ஒரு வேறுபாட்டில், மூளையின் நடுவே இரு பக்கமும் உள்ள தலாமஸ் என்ற பகுதிகளுக்கு இரண்டு தமனிகளுக்குப் பதிலாக ஒரே சிறு தமனி போகிறது. அது அடைபட்டால் பலருக்குக் கைகால் விழாது, வாய் கோணாது. அந்த மனிதர் எழுப்ப முடியாதபடி உறங்குவார். முதலில் எடுக்கும் சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். நன்றாக இருந்தவரைத் திடீரென்று எழுப்பவே முடியவில்லை என்றால், அசதியில் உறங்குகிறார் என்று காலைவரை விட்டுவைக்கக் கூடாது.

இனி தலைகிறக்கத்துக்கு வருகிறேன். வெர்டிப்ரல் சிறுத்திருப்பதுதான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் உலகமே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் கிறக்கத்துக்கு மிகப் பொதுவான காரணம் உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுவது. காது மூக்கு தொண்டை மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ உங்கள் அம்மையை மேசையில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துக் கண்விழிகள் துடிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதுதான் என்றால் தலையை ஒரு வரிசையில் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்துக்குத் தள்ளும் எளிய முறை இருக்கிறது. பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும். மாறாக, கிறக்கத்தோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, நடையில் தள்ளாட்டம், முகமோ கைகாலோ மரத்தல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அதை உட்காது சமாச்சாரம் என்று விட்டுவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைத் தொடக்கம் முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால், அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, தமனி வேறு விதமாக அமைந்திருப்பது மட்டுமே அதைத் தொடங்கக் காரணமாகாது. அந்த மாத்திரை ரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடியது; அடைப்போ பக்கவாதமோ இல்லாதவருக்கு அதன் தீமையும் நன்மையும் மருத்துவர் நிறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. உங்கள் கையில் முழுவதும் இருப்பது வேறு: ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல் கொடுப்பது, சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதிப்பது, வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவது. இடது கரோடிட் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லி, கழுத்துக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நம் மாவட்டத்தில் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. கழுத்து வலி என்றதும் உழிச்சலுக்குப் போவதும், சுளுக்கெடுப்பவரிடம் கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்கச் சொல்வதும் இங்கே வழக்கம். மெதுவாக எண்ணெய் தடவி விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கழுத்தை வேகமாக முறுக்கும்போது முதல், இரண்டாம் கழுத்தெலும்புகளுக்கு இடையே வளைந்து ஓடும் வெர்டிப்ரல் தமனியின் உட்சுவர் கிழிய இடமுண்டு. அது யாருக்கும் ஆகாது. இடது வெர்டிப்ரலையே பெரும்பாலும் நம்பியிருக்கும் உங்கள் அம்மைக்கு அறவே கூடாது. அவருக்கு உழிச்சல் செய்யும் ஆசானிடமும் இதை மரியாதையோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அறிக்கைத் தாளோடு கொடுத்த, ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ எங்கே போனாலும், எழுதிய மூன்று வரிகளை விட அந்தப் படங்களே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். ஒரு வெள்ளைத்தாளில் "இடது கரோடிட்: இரு முன் தமனி, இடது நடுத் தமனி, இடது பின் தமனி; இடது வெர்டிப்ரல் பெரியது; அனூரிசம் இல்லை" என்று எழுதி, ஸ்கேன் எடுத்த தேதியையும் போட்டு, அம்மையின் மாத்திரைச் சீட்டுகள் இருக்கும் கவரிலேயே சேர்த்து வைத்துவிடுங்கள்.